அம்மாவுக்காக என்று ஒரு கட்டம் இல்லை

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் ஐக்யூஏசி பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அறிவிப்புப் பலகையில் 'அகத்தர உறுதிக் குழு' என்று எழுதியிருந்தாலும் நாம் எல்லாரும் ஐக்யூஏசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நானும் அப்படியே எழுதுகிறேன். தென்மாவட்டம் ஒன்றில் பதினாறு வருடமாக வணிகவியல் நடத்துகிறேன். அதில் மூன்று வருடம் இந்தக் குழுவிலும் இருந்திருக்கிறேன். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் குழு வருவதற்கு முந்தின வாரம் இரவு பத்து மணி வரை கல்லூரியிலேயே கிடந்து கோப்பு கட்டியவள்தான். எடுத்த இடத்தைக் காட்டும் ஜியோடேக் போட்ட படம் இல்லையென்றால் நடந்த நிகழ்ச்சியும் நடக்காத கணக்குத்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

போன செமஸ்டரில் முதலாண்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு கூகுள் ஃபார்ம் நிரப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தலைப்பு, 'கற்றல் ஊக்கமும் இலக்குகளும்'. பெயர் ஒரு கட்டம், பதிவெண் ஒரு கட்டம், அதற்குக் கீழே 42 கேள்விகள். ஒரு வாரத்தில் துறைவாரியாகப் பட்டை வரைபடம் வந்துவிட்டது. எங்கள் துறையின் பட்டைதான் குட்டை. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'ஊக்கம் குறைவு'. அதற்கு மருந்தாகத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்தார்கள். இரண்டு மணி நேரம் பேசினார். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சு முடிந்ததும், அரங்கத்தை விட்டு வெளியே போவதற்கு முன்பே, அதே ஃபார்மை மறுபடியும் போனில் நிரப்பச் சொன்னார்கள். பட்டை உயர்ந்துவிட்டது. படத்தோடு அறிக்கை போனது.

இதில் யாரும் கள்ளக்கணக்கு எழுதவில்லை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. இதே முறை உங்களில் பல பேருடைய கல்லூரியிலும் இந்த வருடம் நடக்கப்போகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை ஃபார்ம் நிரப்பியபோது கணினி ஆய்வகத்தில் மேற்பார்வைக்கு நான்தான் நின்றேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "மேம், நீங்கள் ஏன் கல்லூரிக்கு வருகிறீர்கள்னு கேட்டிருக்கு. எங்கம்மாவுக்காகத்தான் வர்றேன். அப்படி ஒரு கட்டமே இல்லையே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிட்டத்தட்ட எது பொருந்துதோ அதைப் போடும்மா." அவளும் தேடிப் பார்த்து, 'வீட்டில் உள்ளவர்களின் வற்புறுத்தலால் வருகிறேன்' என்பதற்கு முழு உடன்பாடு போட்டாள். அந்தப் பெண்ணின் அம்மா பீடி சுற்றுகிறவர். ராத்திரி அம்மாவோடு தட்டை மடியில் வைத்துக்கொண்டு இவளும் சுற்றுவாள். காலை ஏழேகால் டவுன் பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்கு வந்துவிடுவாள். அந்த செமஸ்டரில் ஒரு நாள் விடுப்பு கிடையாது. எங்கள் பட்டையைக் குட்டையாக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

சரி, அந்தக் கேள்வி எங்கே இருந்து வந்தது? நம் ஃபார்மில் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளின் பூர்வீகம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கனடாவில் ராபர்ட் வாலரண்ட் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் முதலில் 1989இல் பிரெஞ்சில் செய்து, 1992இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த கல்வி ஊக்க அளவுகோல். நீங்கள் ஏன் கல்லூரிக்குப் போகிறீர்கள் என்ற ஒரே கேள்வி. அதற்குக் காரணமாக 28 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். நான்கு நான்காகக் கூட்டினால் ஏழு வகை ஊக்கம் கிடைக்கும்.

இதற்கு அடியில் இருப்பது எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த தன்னிர்ணயக் கோட்பாடு. அதன்படி ஊக்கம் என்பது கூடுதல், குறைவு என்று மட்டும் பார்க்கிற விஷயம் இல்லை, அதற்கு வகைகள் உண்டு. ஒரு ஏணி மாதிரி நினைத்துக்கொள்ளலாம். அடிப்படியில் எதற்கு வருகிறோம் என்றே தெரியாமல் வருகிறவர். அடுத்து சம்பளத்துக்காக, அல்லது திட்டுக்குப் பயந்து வருகிறவர். அதற்கு மேல் 'ஃபெயில் ஆனால் அசிங்கம்' என்ற உள்நெருக்கடியில் படிப்பவர். அதற்கும் மேல், இந்தப் படிப்பு நான் போக நினைக்கிற வழிக்கு வேண்டியது என்று தானே உணர்ந்து படிப்பவர். உச்சியில், தெரிந்துகொள்வதே சுகம் என்று படிக்கிறவர். நல்ல ஏணிதான், நானே வகுப்பில் வரைந்து காட்டியிருக்கிறேன்.

இதில் அம்மாவுக்காகப் படிக்கிறவளை எந்தப் படியில் நிறுத்துவது? அம்மா அடிப்பாள் என்று வந்தால் இரண்டாவது படி. அம்மா முகத்தில் முழிக்க முடியாது என்று வந்தால் மூன்றாவது. அம்மா பட்டது போதும், இனி இந்த வீட்டை நான் தூக்கி நிறுத்துவேன் என்று அவளே தீர்மானித்து வந்தால் நான்காவது. மூன்றையும் அவள் ஒரே சொல்லில்தான் சொல்வாள். டெசி, ரயன் வழி வந்தவர்களும் இதை மறுக்கவில்லை. சுயமாகத் தீர்மானிப்பது வேறு, தனியாளாக நிற்பது வேறு, பிறருக்காகச் செய்வதையும் ஒருவர் முழுமனதோடு தன் விருப்பமாகச் செய்ய முடியும் என்றுதான் அவர்கள் எழுதுகிறார்கள். கோட்பாட்டில் இருந்த இடம் நம் ஃபார்மில் இல்லாமல் போய்விட்டது. ஃபார்மைப் போட்டவர்கள் கோட்பாட்டை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இது என் ஒருத்தியின் சந்தேகமும் இல்லை. 1986லேயே அகர்வாலும் கிரீஷ்வர் மிஸ்ராவும் இந்தியர்கள் எதையெல்லாம் சாதனை என்று கருதுகிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார்கள். நல்ல மனுஷனாக இருப்பது, கடமையைச் செய்வது, குடும்பத்தாரின் நலம் இதெல்லாம் அந்தப் பட்டியலில் வந்தன. 1999இல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் அமெரிக்காவில் 7 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். கலைந்து கிடக்கும் எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்குகிற புதிர். எந்த வகைப் புதிர் என்று சிலர் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். சிலருக்கு அதை அம்மா தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகள் தாங்கள் தேர்ந்தெடுத்த புதிரைத்தான் ஆசையோடு போட்டார்கள். அம்மா தேர்ந்தெடுத்தது என்றதும் சுருதி இறங்கிவிட்டது. ஆசிய வம்சாவளிக் குழந்தைகளுக்கோ அம்மா தேர்ந்தெடுத்தது என்றபோதுதான் உற்சாகம் மிக அதிகம். அது சீன, ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளைப் பற்றியது, பீடி சுற்றும் வீட்டுப் பெண்ணைப் பற்றியது இல்லை என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் 'வீட்டுக்காக' என்ற பதிலை ஊக்கக் குறைவு என்று கூட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வைக்கிற விஷயம்.

நம் அரசாங்கமே படிப்பைக் குடும்பக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகைக்குக் கொடுக்கிற முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை. அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. அந்த வீட்டில் யார் பெயரில் அதை எடுப்பது என்று பேசி முடிவு செய்திருப்பார்கள். அப்படி வந்து உட்கார்ந்திருக்கிற பையனிடம் 'உன் சொந்த விருப்பத்தால்தான் படிக்கிறாயா' என்று கேட்டால் அவன் எதைச் சொல்வான்?

அடுத்தது 'இலக்கு'. எங்கள் ஃபார்மில் 'உங்கள் இலக்கு என்ன' என்று ஒரு திறந்த கேள்வி. வந்த பதில்களை நான் படித்தேன். ஐ.ஏ.எஸ்., ஐ.ஏ.எஸ்., போலீஸ் எஸ்.ஐ., குரூப் 4, மறுபடியும் ஐ.ஏ.எஸ். தமிழில் இலக்கு, குறிக்கோள், இலட்சியம் மூன்றும் ஆறாம் வகுப்புக் கட்டுரை நோட்டிலிருந்து நம்மோடு வருகிற சொற்கள். அவற்றைக் கேட்டதும் பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு மேடையில் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லிவிடுவார்கள். இந்த அளவுகோல்களைச் செய்தவர்கள் இலக்கு என்று சொன்னது இதை அல்ல. கேரல் டுவெக், ஜான் நிக்கோல்ஸ் போன்றவர்கள் 1980களில் கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி. இந்தப் பாடத்தில் உட்காரும்போது உனக்கு என்ன வேண்டும்? விஷயம் புரிய வேண்டுமா, அல்லது உனக்குப் புரிந்துவிட்டது என்று பிறருக்குத் தெரிய வேண்டுமா? 2001இல் ஆண்ட்ரூ எலியட்டும் ஹாலி மெக்ரெகரும் இதை இரண்டுக்கு இரண்டாகப் பிரித்து நான்கு கட்டமாக்கினார்கள். தேர்ச்சியைத் தேடிப் போவது, தெரிந்தது நழுவிவிடாமல் பார்த்துக்கொள்வது, பிறரை முந்தப் பார்ப்பது, பிறரைவிடப் பின்தங்காமல் தப்பிக்கப் பார்ப்பது. கட்டத்துக்கு 3 கேள்வி, ஆக 12.

அதே எலியட் 2008இல் கோ முராயாமாவோடு சேர்ந்து தன் கேள்வித்தாளைத் தானே திருத்தினார். சில கேள்விகள் இலக்கைக் கேட்காமல் பயத்தையும் ஆசையையும் கேட்டுவிட்டன என்று ஒப்புக்கொண்டு மாற்றினார். உலகம் முழுக்க எடுத்தாளப்பட்ட அளவுகோலைச் செய்தவரே ஏழு வருடத்தில் வாக்கியத்தை மாற்றுகிறார். நாம் ஒரு தடவை தட்டச்சு செய்ததை நாக் சுழற்சி முடிகிறவரை மாற்றுவதில்லை. 2010இல் கிறிஸ் ஹல்லமன் குழு 243 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கேள்வியின் வார்த்தை மாறினால் முடிவும் திசை மாறுகிறது என்று கண்டார்கள். 'மற்றவர்களைவிட நன்றாகச் செய்ய வேண்டும்' என்று கேட்ட அளவுகோல்களில் மதிப்பெண்ணோடு உறவு ஏறுமுகம். 'நான் கெட்டிக்காரன் என்று மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும்' என்று கேட்டவற்றில் இறங்குமுகம். இரண்டுக்கும் ஒரே பெயர். நம் ஃபார்மில் இரண்டையும் கலந்து கூட்டிச் சராசரி எடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஆய்வகத்தில் இன்னொரு பையன் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். "மற்றவர்களைவிடன்னா யாரைவிட மேம்? கிளாஸ்லயா, எங்க ஊர்லயா? எங்க தெருவுல காலேஜுக்கு வந்ததே நான் ஒருத்தன்தான்." ஒரு கேள்வித்தாளுக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்த ஆய்விதழிலும் படித்ததில்லை.

அரியர் விஷயத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். 'தோல்வி அடையாமல் இருப்பதே என் நோக்கம்' என்பதைக் கோட்பாடு தப்பிக்கும் இலக்கு என்று சொல்லும், பொதுவாக அதை நல்ல அறிகுறியாக எடுப்பதில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அரியர் இல்லாமல் முடிப்பது என்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. வளாகத்துக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகளில் பலவும் முதல் நிபந்தனையாகக் கேட்பதே அதைத்தான். 'நோ ஸ்டேண்டிங் அரியர்ஸ்' என்று போட்டிருக்கும் இடத்தில் அரியர் வராமல் பார்த்துக்கொள்வது வெறும் புத்திசாலித்தனம். அதற்கும் எங்கள் பட்டையில் இரண்டு புள்ளி குறைந்தது.

இப்போது என் தவறு. நானும் பிஎச்.டி.க்கு அடைவூக்கம், அதாவது சாதனை ஊக்கம்தான் எடுத்தேன். அச்சிட்ட வினாத்தாள் ஒன்றை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தமிழாக்கினேன். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய முறை எனக்குத் தெரியும். ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி மொழிபெயர்க்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும். செய்ததாக ஆய்வேட்டில் ஒரு வரியும் எழுதினேன். திருப்பி மொழிபெயர்த்தவர் என் கணவர். அவருக்கு மூலத்தை நான் ஏற்கெனவே படித்துக் காட்டியிருந்தேன். அப்புறம் வழக்கம்போல ஆண் பெண், கிராமம் நகரம், தமிழ்வழி ஆங்கிலவழி, தந்தையின் கல்வி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடுகிற டி-சோதனை போட்டு, 0.05 மட்டத்தில் வேறுபாடு உண்டு, இல்லை என்று 38 பக்கம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் யாரும் ஒரு மாணவரிடமாவது இந்தக் கேள்வியைப் படித்துக் காட்டி என்ன புரிந்தது என்று கேட்டாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

அதனால் தமிழாக்கத்தில் எது எங்கே உடையும் என்று எனக்கு அனுபவத்திலேயே தெரியும். 'கல்லூரியில் என் நேரம் வீணாகிறது என்று நான் நினைப்பதில்லை' என்று ஒரு வாக்கியம். எதிரே 'முற்றிலும் உடன்படவில்லை' என்று ஒரு கட்டம். நேரம் வீணாகவில்லை என்கிற பிள்ளை எதைத் தொட வேண்டும்? மூன்று நொடி யோசித்தால் விடை கிடைக்கும். 42 கேள்வியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நொடி கூடுதலாக யாரும் யோசிப்பதில்லை. ஏழு படி அளவையும் அப்படித்தான். ஓரளவு, மிதமாக, கொஞ்சம், சிறிதளவு என்று நாலு சொல்லை வரிசையாகப் போட்டிருந்தோம். எது எதைவிடப் பெரியது என்று தமிழ்த்துறை ஆசிரியர்கள் மூவரிடம் கேட்டேன். மூன்று வரிசை வந்தது.

அப்புறம் அந்த ஆல்ஃபா. உங்கள் அறிக்கைகளில் எல்லாம் 'நம்பகத்தன்மை 0.94' என்று கொட்டை எழுத்தில் வருகிறது. லீ க்ரான்பாக் 1951இல் விளக்கிப் பரவலாக்கிய அந்த எண், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்வது. பதில்கள் உண்மையா என்று அது சொல்வதில்லை. ஒருத்தி எல்லாவற்றுக்கும் 4 போட்டு, இன்னொருத்தி எல்லாவற்றுக்கும் 6 போட்டு, மொத்த வகுப்பும் இப்படி ஆளுக்கொரு எண்ணை மேலிருந்து கீழ்வரை இழுத்துவிட்டால் ஆல்ஃபா 1ஐத் தொட்டுவிடும். அதாவது யாருமே கேள்வியைப் படிக்காத வகுப்பில்தான் நம்பகத்தன்மை உச்சத்தில் இருக்கும். எங்கள் ஃபார்மின் பதில் கோப்பைத் திறந்து நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, பஸ்ஸுக்கு நேரமான பிள்ளைகள் எந்த இடத்தில் தொடங்குகிறார்கள் என்பதே தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் நேர்கோடு.

பதிவெண்ணைக் கேட்டுவிட்டு, கண்காணிப்பாளரை நடுவில் நிறுத்திவிட்டு, 'எனக்கு எதற்காக இங்கே வருகிறேன் என்றே தெரியவில்லை' என்ற வாக்கியத்துக்கு மனம் திறந்து எண் போடச் சொல்கிறோம். இன்டர்னல் மார்க் நம் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாதா? அது தெரிந்தும் உண்மையைப் போட்ட இரண்டு மூன்று பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். மென்டர், அதாவது அவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர், கூப்பிட்டு விசாரித்தார். அடுத்த தடவை அவர்கள் போட மாட்டார்கள்.

எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது வேறு ஒன்று. நாக் கேட்கிற மாணவர் திருப்தி ஆய்வு, அதன் மேல் நமக்கு ஆயிரம் சலிப்பு இருந்தாலும், கல்லூரியைப் பற்றி மாணவரிடம் கேட்கிறது. ஆசிரியர் பாடத்தை முடித்தாரா, புரியும்படி சொன்னாரா என்கிற மாதிரி. இந்த ஊக்க ஃபார்ம் நாமாக இழுத்துப் போட்டுக்கொண்டது. இது மாணவரைப் பற்றி மாணவரிடம் கேட்கிறது. பட்டை குட்டையாக இருந்தால் குறை அவர்களுக்குள்ளே இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. எங்கள் துறையில் அந்த செமஸ்டரில் ஒரு தாளுக்கு ஏழு வாரம் ஆசிரியரே இல்லை. கௌரவ விரிவுரையாளர் பணிக்கு ஆள் வந்து, போய், மறுபடி வந்தார். அதைப் பற்றி 42 கேள்வியில் ஒன்றும் இல்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஊக்கம் வரச் சொல்லி ஒரு பேச்சாளரைக் கூட்டிவந்தோம்.

உயர்கல்விக்கு வருகிறவர்களின் விகிதம் 2021-22 கணக்கில் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது 2021 மே மாதத்தில். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில். இதையெல்லாம் கடந்து ஒரு பிள்ளை நம் பெஞ்சில் வந்து உட்காருகிறது. அதனிடம் ஊக்கம் இருக்கிறதா என்று அளப்பதற்கு முன் வந்து சேர்ந்த தூரத்தையும் கொஞ்சம் பார்க்கலாம்.

அளக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அளந்து பார்த்தவர்களின் வேலையை மதிக்கிறேன். 1960களில் டேவிட் மெக்லெலாந்து காக்கிநாடா வியாபாரிகளை ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்துச் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்தார். அந்த ஆய்வின் முடிவுகளோடு சண்டை போட்டவர்கள் உண்டு, அது இருக்கட்டும். அவர் 'உனக்கு முன்னேற ஆசையா' என்று நேரடியாகக் கேட்கிற முறையை நம்பவில்லை. கேட்டால் மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். பயிற்சி முடிந்த பிறகு ஊருக்கே போய், புதிதாகத் தொழில் தொடங்கினார்களா, முதல் போட்டார்களா, எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நாம் அரங்கத்தின் கதவைச் சாத்திவைத்துக்கொண்டு, கைதட்டல் அடங்குவதற்குள் மறுதேர்வு வைத்தோம்.

உங்களிடம் கேட்பது சில விஷயங்கள்தான். ஃபார்ம் போவதற்கு முன், பத்துப் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 'இதில் என்ன கேட்கிறாங்கன்னு உன் வார்த்தையில் சொல்லும்மா' என்று கேளுங்கள். அரை நாள் வேலை. முதலாண்டு பி.காம். பிள்ளைகள் போதும், பேராசிரியர் குழு வேண்டாம். அவர்கள் தடுக்கி விழுகிற வாக்கியத்தைத் தூக்கிவிடுங்கள். எங்கள் 42இல் பாதி மிஞ்சியிருந்தால் அதிகம்.

கல்லூரி என்று பொதுவாகக் கேட்காமல் தாள்வாரியாகக் கேளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால் பின்ட்ரிச் குழு 1991இல் வெளியிட்ட கேள்வித்தாளில் 81 கேள்விகள், ஊக்கத்துக்கு 31, படிக்கும் முறைகளுக்கு 50. எல்லாமே ஒரு குறிப்பிட்ட பாடத்தை மனதில் வைத்துச் சொல்ல வேண்டியவை. அடக்கவிலைக் கணக்கியலில் தூங்கி விழுகிற என் மாணவன் வணிகச் சட்ட வகுப்பில் முன் பெஞ்சுக்கு வந்துவிடுகிறான். அவனுடைய ஊக்கத்தை ஒற்றை எண்ணாக்கினால் அது இரண்டு வகுப்பையும் பற்றி ஒன்றும் சொல்லாது.

பதிவெண் வேண்டாம். ஒரே பிள்ளையை இரண்டு தடவை கேட்க வேண்டுமென்றால், அம்மா பெயரின் முதல் எழுத்தும் பிறந்த தேதியும் மாதிரி அவர்களே வைத்துக்கொள்கிற ஒரு குறியீடு போதும். கேட்கிற நாளையும் பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வு முடிவு வந்த மறுநாள் கேட்டால் முடிவைத்தான் அளப்பீர்கள். வீட்டுக்காக, ஊருக்காக, தங்கையைப் படிக்கவைப்பதற்காக என்ற காரணங்களைத் தனியாகச் சேருங்கள். சேர்த்துவிட்டு, அதை நீங்கள் விரும்பிச் செய்கிறீர்களா, வேறு வழியில்லாமல் செய்கிறீர்களா என்று இரண்டாவதாகக் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வி இல்லாமல் முதலாவதைக் கேட்டுப் பயனில்லை. துறைகளைப் பட்டை போட்டு வரிசைப்படுத்தாதீர்கள். கிடைத்த முடிவை முதலில் பிள்ளைகளிடம் காட்டுங்கள், பிறகு கோப்பில் போடுங்கள்.

பேச்சாளர் வந்து போன வாரம் நான் என் வகுப்பில் ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தேன். பெயர் வேண்டாம் என்றேன். 'இந்த வாரம் எந்த வகுப்பில் நேரம் போனதே தெரியவில்லை? எந்த வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்? ஏன்?' இவ்வளவுதான் கேள்வி. கடிகாரத்தைப் பார்த்த வகுப்பில் பலர் என்னுடைய மூன்றாம் மணி வகுப்பை எழுதியிருந்தார்கள். காரணம், பசி. காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்கு மூன்றாம் மணியில் தேய்மானக் கணக்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாம் மணிக்குப் பிறகு இருந்த பத்து நிமிட இடைவேளையை இருபதாக்கக் கேட்டு முதல்வருக்கு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.

அடுத்த செமஸ்டர் ஃபார்மை நீங்கள் இப்போதே தயாரித்துக்கொண்டிருப்பீர்கள். அனுப்புவதற்கு முன் வரைவை எனக்கு ஒரு தடவை அனுப்பிவையுங்கள். எங்கள் வகுப்பில் படித்துக் காட்ட ஆள் தயாராக இருக்கிறார்கள். கடைசி வரிசைப் பெண்ணும், தெருவில் ஒருத்தனாக வந்த பையனும் தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். காலை ஏழேகால் பஸ்ஸில் வருகிறவர்கள், மதியம் மூன்றரைக்குள் விட்டுவிட வேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி, வணிகவியல் துறை